வெயில் பட்ட பிலிம்

போனில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கும் என் மகள், மதுரையிலிருந்து பழைய பிலிம் கேமரா ஒன்று வாங்கி வந்தாள். "கழுவுற வரைக்கும் என்ன விழுந்திருக்குன்னே தெரியாதுப்பா. அதான் பிடிச்சிருக்கு" என்றபடி பின்மூடியைத் திறந்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவளிடம் இதைச் சொன்னேன்.

நாங்கள் திருச்சுழியில் இருந்தபோது என் தங்கை செல்வி காய்ச்சலில் இறந்தாள். ஐந்து வயது. சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய கேமராவில் அப்பா அவளை இரண்டு படம் எடுத்திருந்தார். வேறு படமே கிடையாது. ரோல் முடியாததால் கழுவக் கொடுக்கவில்லை.

புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள், அம்மா கேமராவை வெயிலில் வைத்துத் திறந்தாள். சுருளை விரலால் தடவி, "பிள்ள இதுக்குள்ளதான இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு எட்டு வயது. "ஆமாம்மா" என்றேன்.

அப்பா அதைக் கழுவக் கொண்டுபோனபோது அருப்புக்கோட்டை ஸ்டூடியோக்காரர், "வெளிச்சம் பட்டுப் படமெல்லாம் அழிஞ்சிருச்சுண்ணே. யாரு திறந்தது?" என்றார். கூடப் போயிருந்த நான் சொன்னேன். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஸ்டூடியோவுல கெடுத்துட்டாக" என்றார்.

மறுநாள் அம்மா பஸ் ஏறிப் போய் அந்தக் கடைமுன் மண்ணை வாரித் தூற்றினாள். "எம்பிள்ளையத் தொலச்சிட்டியே, நீ வெளங்குவியா?"

ஸ்டூடியோக்காரர், பின்னால் ஓடிவந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகூப்பி, "என் தப்புதான் தாயி" என்றார்.

அம்மா சாகும்வரை அவரைச் சபித்தாள். நாங்கள் வாய் திறக்கவில்லை.

கேட்டு முடித்த மகள், "பிறகாவது அவர்கிட்டப் போய் ஒரு வார்த்தை சொன்னீங்களாப்பா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.