எர்த் பின் இல்லாத பெட்டி

கல்யாண மண்டபத்தில் ஐஸ்கிரீம் பெட்டி உறுமினால்கூட நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்த கண்ணாடிக் குளிர்பெட்டியும் அப்படித்தான் உறுமியது, ஏப்பம் விடுவதுபோல, விட்டு விட்டு. ஓராண்டாகியும் அது காதை விட்டுப் போகவில்லை.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். அப்பா மறைந்ததும் படிப்பை விட்டு, எங்களை ஆளாக்கி, வேங்கிக்காலில் எலக்ட்ரிக்கல் கடை வைத்தார். பேச்சு கம்மி, வேலை சுத்தம். ஒருமுறை அடி அண்ணாமலையில் அன்னதானக் கூடத்துக்கு மின்னும் எழுத்துப் பலகை மாட்டினார். விளக்குகளுக்குப் பன்னிரண்டு வோல்ட், அவற்றை ஆட்டுவிக்கும் சின்ன போர்டுக்கு ஐந்து. எழுத்துகள் பேய் பிடித்தாற்போல் குதித்தன.

"வேற வேற வோல்ட்டு, எப்படிங்க சேரும்?" என்றார் கூடத்துக்காரர்.

"ப்ளஸ்ஸ ப்ளஸ்ஸோட சேத்தா பொகைதான் வரும். ரெண்டு மைனஸையும் ஒண்ணா கட்டணும். எங்கேர்ந்து அளக்கறதுன்னு ரெண்டுக்கும் ஒரே எடம் வேணுமில்ல?" அண்ணன் ஒயரை முறுக்கினார். எழுத்துகள் அடங்கி நின்றன. "எர்த்து தனிங்க, கசியற கரண்ட்ட மண்ணுல எறக்கும். இது கணக்குக்கு, அது உசுருக்கு."

தம் வீட்டு எர்த்துக்கு அவரே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டார். சிறுநீரகம் கெட்டுப் படுத்த நாட்களிலும் அண்ணியிடம், "குழிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்பார்.

அந்த வீட்டில், அவர் இறந்த அன்று, அவருக்கு, கரண்ட் கசியும் ஒரு வாடகைப் பெட்டி. அதன் இரும்புச் சட்டத்தைப் பிடித்து அழுத அண்ணி வெடுக்கென்று கையை இழுத்தார்.

"உம் புருசன்தாம்மா கூப்புடறான்," என்றார் பெரியப்பா.

உடனே ஒரு வரிசை. "எங்க, நானும் பாக்கறேன்!" "ஐயோ, சுர்ருங்குது!" பிரசாதத்துக்கு நீட்டுவதுபோல் கை நீட்டினார்கள். செல்போனில் படம் வேறு. சீ! அண்ணி மட்டும், கண்ணீரில் நனைந்த கையை மறுபடி மறுபடி அங்கேயே வைத்தார். கசிவு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் அன்று இரண்டு பாடை கட்டியிருப்போம்.

பிளக்கைப் பிடுங்கினேன். மூன்றாவது கம்பி, எர்த் பின், இல்லை.

"நாந்தாங்க ஒடச்சேன். பாதி வூட்ல ரெண்டு ஓட்டைதான் இருக்குது. கரண்ட்டு லைட்டாத்தான் புடிக்கும்," என்று சிரித்தார் பெட்டிக்காரர்.

நான் கத்தினேன். "சாவு வூட்ல இன்னாடா கரண்ட்டு பேச்சு?" என்று பெரியப்பா அதட்டினார்.

அண்ணனின் பையிலிருந்தே புது பிளக் எடுத்து மாட்டினேன். பேசாமல் ஸ்குரூ டிரைவரை நீட்டிய எதிர்வீட்டு டீச்சருக்கு நன்றி. மருத்துவமனையில் அண்ணனுக்காகக் கண்விழித்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. பெட்டியைத் தொட்டுச் சிலிர்த்தவர்களுக்கு இல்லை.

சுவிட்சைப் போட்டேன். சட்டத்தில் வைத்த டெஸ்டர் எரியவில்லை. "இனி தொடலாம் அண்ணி," என்றேன். உள்ளங்கையைச் சட்டத்தில் பதித்து வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணாடியின்மேல் குனிந்தார்.

"ஒண்ணும் தெரியலையே... அப்ப நெஜமாவே போயிட்டீங்களா?"