வேதமுத்துவின் நாற்காலியும் ஒரு பொட்டலம் அசனச் சோறும்

பள்ளிவாசல் என்ற தேயிலை மலையூரின் சுற்றுவட்டாரத்தில் எஸ்டேட் கால்பந்து ஆட்டம் ரெஃப்ரி விசிலடித்துத் தொடங்குவதில்லை. வேதமுத்து தன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை பஸ்ஸிலிருந்து இறக்கி, கோட்டோரம் போட்டு, மஃப்ளரைச் சரிசெய்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். சீக்கிரம் வந்தால் யார் திரும்பிப் பார்ப்பது?

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆனால் 'ஏலமலை எதிரொலி' வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'வேதமுத்துவின் விசில்' வருகிறவரை அவரை ஓய்வுபெற்றவர் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. பத்தியின் தலையில் அவர் படம். படத்தின் தலையில் நிறைய முடி. முடி போய் வெகுகாலமாகிறது, படம் போகவில்லை. எழுத்திலும் பேச்சிலும் 'நான்' என்ற சொல் அவருக்கு வராது. "இந்த ஆஃப்சைடை வேதமுத்து ஒத்துக்கிட மாட்டான்" என்பார், வேதமுத்து என்று இன்னொரு பெரிய மனிதர் ஊரில் இருப்பதுபோல.

அந்தக் கடைசிப் பக்கத்தின் மேல் கருத்தப்பாண்டிக்குத் தீராத ஆசை. அதே பத்திரிகையில் அவர் கேரம், வடம் இழுத்தல், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் ஆகியவற்றின் சிறப்பு நிருபர். வேதமுத்து நன்றாக இருக்க வேண்டும், எழுதாமல் இருக்க வேண்டும் என்பதே அவருடைய அன்றாடப் பிரார்த்தனை.

சாமி கண் திறந்தது அந்தோணியார் திருவிழாவில். மதியம் கோயில் வளாகத்தில் அசனம். ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நேர்ச்சைச் சோறு. அந்த வருஷம் அதைப் போட்டது மேல் டிவிஷன் கோல்கீப்பர் ஜின்சனின் குடும்பம். மாலை இறுதி ஆட்டத்தில் கீழ் டிவிஷனின் பெனால்டியை ஜின்சன் தடுத்து மேல் டிவிஷனை ஜெயிக்க வைத்தான். வியாழக்கிழமை 'விசில்' ஜின்சனின் கைகளைக் கோட்டைக் கதவுகள் என்று வர்ணித்தது. தின்ற சோற்றுக்கு எழுதிய புகழ்ச்சி என்று வெள்ளிக்கிழமையே கீழ் டிவிஷன்காரர்கள் பத்திரிகைக்குப் பராதி கொடுத்துவிட்டார்கள், ஒரு செல்போன் படத்துடன். படத்தில் வேதமுத்து ஆட்டெலும்பு ஒன்றைக் கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

பத்திரிகை ஆசிரியர் மரியஜோசப் கூப்பிட்டார். "பாண்டி, நீயே விசாரி. குத்தம்னா பத்தி ஒனக்கு." இதைவிட நடுநிலையான ஏற்பாடு நீதித்துறை வரலாற்றிலேயே இருக்க முடியாது.

கருத்தப்பாண்டி முதலில் சக நிருபர்களிடம் வாக்குமூலம் வாங்கினார். ஈஸ்வரன் கொட்டித் தீர்த்தார். "எங்கப்பா செத்த வீட்டுக்கு வந்தாரு அண்ணாச்சி. எங் கையப் புடிச்சு அழுதாரு. அழுதுகிட்டே, 'வியாழக்கெழம பத்தி படிச்சியால?'ன்னாரு."

"சரி, நேர்மை எப்படி?"

"அதுல என்னத்தக் கொற சொல்ல?" என்று ஈஸ்வரன் முகத்தைச் சுளித்தார், அதுதான் பெரிய குறை என்பதுபோல.

புகைப்படம் எடுக்கும் மோனிஷாவும் அப்படித்தான். "நான் எடுத்த எந்தப் படத்துலயும் ஓரத்துல அந்த நாற்காலி இருக்கும்ண்ணே. தலக்கனம்னா தலக்கனம், அப்படியொரு தலக்கனம். ஆனா ஓசி டிக்கெட்டுல ஒருநாள் உள்ள வந்ததில்ல. மேட்சுல டீ கொடுத்தாக்கூட வீட்டு ஃபிளாஸ்க்கத்தான் தொறப்பாரு. அந்தக் கடிகாரக் கத தெரியும்ல?"

தெரியாமலா? ஒரு போட்டிக் கமிட்டி நிருபர்களுக்கெல்லாம் சுவர்க்கடிகாரம் கொடுத்தது. வேதமுத்து திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? 'வேதமுத்து வாங்கவில்லை, மற்ற நிருபர்கள் வீட்டில் இப்போது மணி சரியாகத் தெரிகிறது' என்று எழுதியும் விட்டார். கருத்தப்பாண்டி வீட்டுச் சுவரிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விசாரணைக் குறிப்பில் அதைச் சேர்க்க இடம் போதவில்லை.

விசாரணை நாளன்று டீக்கடை மாடியில் எல்லோரும் கூடினார்கள். வேதமுத்து தன் நாற்காலியோடு வந்து, பெஞ்சை ஒதுக்கி, அதில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அசனத்துல சாப்பிட்டியளா?" என்று தொடங்கினார் கருத்தப்பாண்டி.

"சாப்பிட்டான்."

"யாரு?"

"வேதமுத்து."

"ஜின்சன் குடும்பம் போட்ட சோறுதான?"

"அசனத்த மனுசனா போடுதான்? அந்தோணியார் போடுதாரு. அவரு மேல் டிவிஷனா கீழ் டிவிஷனான்னு விசாரிச்சியா?"

மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அசனத்தை வேண்டாம் என்று சொன்ன ஆளை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. பராதி கொடுத்தவர்களும் அதே பந்தியில்தான் சாப்பிட்டார்கள். கருத்தப்பாண்டியும் மூன்றாவது முறை குழம்பு கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கம் கையைவிட்டு நழுவுவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. "குத்தமில்ல" என்று மரியஜோசப் எழுந்தார்.

"இருங்க. கேக்க வேண்டியத இன்னும் ஒருத்தனும் கேக்கல" என்றார் வேதமுத்து.

"என்ன கேக்கணும்?"

"பொட்டலம்."

வேதமுத்துவின் மனைவி கத்தரீனாளுக்கு முட்டுவலி, திருவிழாவுக்கு வரவில்லை. கிளம்பும்போது ஜின்சன், "இத ஆன்ட்டிக்குக் குடுங்க" என்று இலையில் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

"பந்தியில தின்னது அந்தோணியார் சோறு. பொட்டலம் ஜின்சன் கட்டுனது. கறியா அள்ளி வச்சிருந்தான், மருந்துக்கு ஒரு எலும்பு இல்ல. அப்பவே வேதமுத்துக்குத் தெரிஞ்சுபோச்சு, இது அசனம் இல்ல, ஆளப் பாத்து வச்சதுன்னு. ஆனா கத்தரீனா அதுக்குள்ள தின்னு முடிச்சிட்டா."

ஈஸ்வரனுக்கே மனசு கேட்கவில்லை. "முடியாதவங்களுக்குக் கொண்டு போறது வழக்கந்தான அண்ணாச்சி?"

"மத்தவனுக்கு வழக்கம். வேதமுத்துக்கு இல்ல."

சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துத் தனக்கே காட்டிக்கொண்டார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். "ஒரு வாரம் வேதமுத்து வெளிய உக்காருதான். பாண்டி எழுதட்டும்." நாற்காலி வாசல் நிலையில் இடித்தது. மரியாதை குறையாமல் அதைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மரியஜோசப் கருத்தப்பாண்டியின் தோளைத் தட்டினார். "நல்லா எழுதுனேன்னா பத்தி இனி ஒனக்கே. அண்ணாச்சிக்கும் வயசாகுதுல்லா?"

சனிக்கிழமை கீழ் டிவிஷன் மைதானம். சாரல், எலும்புக்குள் இறங்கும் குளிர். கருத்தப்பாண்டி நாற்காலி ஒன்று இரவல் வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கிளப் செயலாளர் பெரியமுத்து வந்து நின்றார், ஒரு கையில் ஆவி பறக்கும் இஞ்சி டீ, இன்னொரு கையில் போண்டா.

"ஒங்களுக்குன்னே போட்டது சார்."

கருத்தப்பாண்டியின் கை பாதி தூரம் போய்விட்டது. அப்போதுதான் எதிர்க்கோட்டோரம் பார்வை போனது. நாற்காலி இல்லாமல், கூட்டத்தோடு கூட்டமாக வேதமுத்து நின்றார். இந்த வாரம்தான் அவர் யாருமில்லையே! கிளப் போண்டாவைக் கிளப் டீயில் முக்கி, உலகத்திலேயே நிம்மதியான மனிதராகத் தின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்துக் கிளாசை உயர்த்தினார்.

"வேணாங்க," என்றார் கருத்தப்பாண்டி.

"சும்மா குடிங்க சார்."

"வயிறு சரியில்ல."

"அதுக்குத்தான் இஞ்சி."

"இப்பத்தான் குடிச்சேன்."

"குளிருக்கு இன்னொண்ணு."

பணிவு ஒவ்வொரு படியாகத் தோற்றுக்கொண்டே வந்தது. போண்டா மூக்கருகே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் முதுகை நிமிர்த்தினார். வாய் தானாகத் திறந்தது.

"கருத்தப்பாண்டி கிரவுண்டுல டீ குடிக்க மாட்டான்."

பெரியமுத்து இரண்டடி பின்னால் போனார். "அது... சரிங்க சார்" என்று போண்டாவை ஒளித்துக்கொண்டார். கருத்தப்பாண்டிக்குத் தன் குரலைக் கேட்டுத் தனக்கே பயமாக இருந்தது. வேதமுத்து ஏன் அப்படிப் பேசுகிறார் என்று இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கிய கையோடு தொண்டையும் வறண்டது.

திங்கட்கிழமை மரியஜோசப் கேட்டார்: "நல்லா வந்திருக்கே பாண்டி. தொடர்ந்து எழுதுதியா?"

"வேணாம் சார். கால்பந்து அண்ணாச்சிகிட்டயே இருக்கட்டும். எனக்குத் தாகம் தாங்காது."

அந்த வியாழன் கருத்தப்பாண்டியின் கட்டுரை வந்தது. அடுத்த வியாழன் 'விசில்' திரும்ப வந்தது, அதே முடி நிறைந்த படத்துடன். பாதிப் பத்தி பொட்டலத்தைப் பற்றி. கத்தரீனாள் பெயரும் வந்துவிட்டதால் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி. மீதிப் பாதி கருத்தப்பாண்டியின் கட்டுரையில் இருந்த பிழைகள். கடைசியில் மட்டும் ஒரு வரி: 'டீயை மறுத்த விதத்தை வேதமுத்து பாராட்டுகிறான். முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தலாம்.'