துண்டுக் காட்டுச் செண்பகம்

என் வேலையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக அறையில் இருந்துகொண்டு இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டைக் காதால் கேட்கிறேன். மரங்களில் கட்டிய ஒலிப்பதிவுக் கருவிகளிலிருந்து வருவதெல்லாம் மழை, தவளை, வண்டு, மறுபடி மழை. இவற்றுக்கு நடுவே பச்சைச் சொண்டுச் செண்பகம் கூவுகிறதா என்று கவனிக்க வேண்டும். உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அங்கேயும் அருகிவிட்டது. லேசில் கண்ணில் படாது. புதருக்குள் ஒளிந்து அடித்தொண்டையில் இரண்டு மூன்று தரம் கூவும், அவ்வளவுதான்.

பூசை முடிந்து கோயில் வாசலில் இதைச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன்.

"அது எங்கட வீட்டு வளவிலயும் நிண்டதே," என்றார் ஓர் அக்கா.

அது வேறு செண்பகம், ஊரெல்லாம் திரிவது என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. "ஓம் அக்கா" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மன்னாரில் பிறந்த நானே அந்தக் காட்டைக் கண்டதில்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் எங்கே தெற்குப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போனோம்? இப்போது மொன்றியலுக்கு வெளியே நான் இருக்கிற கர்க்லாண்டிலிருந்து பனியில் பஸ் பிடித்துப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் நாள் முழுக்க அலைகிறேன்.

போன குளிர்காலத்தில் எங்களுக்கு வந்தது தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு துண்டுக் காட்டின் பதிவு. இந்தப் பருவமும் அங்கே கூவல் கேட்காவிட்டால், அரசாங்கத்திடம் பாதுகாக்கச் சொல்லிக் கேட்கும் நிலங்களின் பட்டியலிலிருந்து அதை விட்டுவிடுவார்கள். விட்டால் தேயிலை ஏறிவிடும். அந்தத் துண்டு தப்ப வேண்டுமென்று எனக்குப் பெரிய ஆசை. ஆனால் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஒரே பதிவை இரண்டு பேர் தனித்தனியே கேட்போம். இருவரும் குறித்து முடிக்கும்வரை அதைப்பற்றிப் பேசக் கூடாது. மற்றவள் கோயம்புத்தூரிலிருந்து ஆய்வுக்கு வந்த பெண். ஒரு மத்தியானம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க முடிச்சிட்டீங்களா? இருக்குதுக்கா."

"ஓம், நானும் கேட்டனான்."

கீழே போய்க் கோப்பி குடித்தோம். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கோப்பி ருசித்தது.

திரும்பி வந்து, அனுப்புவதற்காகக் கூவல்களை வெட்டி எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். ஒவ்வொரு கூவலுக்கும் பின்னால் ஏதோ ஒரு குருவியின் கீச்சு, அதே இடத்தில், அதே மாதிரி. செண்பகம் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பக்கத்துக் குருவியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்து கூவாது. சத்தத்தைக் கூட்டினேன். சருகு மிதிபட்டது. ஒரு பிள்ளை பிரெஞ்சில் சிணுங்கியது. பிறகு ஒரு பெண்ணின் தணிந்த குரல், எங்கள் பேச்சில்:

"இஞ்சேருங்கோ, இன்னொருக்காப் போடுங்கோ. வரும்."

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் போன எங்கள் ஆட்கள். பாரிஸோ, இங்கே லவாலோ, யார் கண்டது? பறவையைப் பிள்ளைக்குக் காட்டவென்று போனில் இருந்த கூவலை ஒலிக்கவிட்டுக் காத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

"அக்கா, இத யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க," என்றாள் அவள் மெல்ல. "அப்படியே விட்டுட்டா காடாவது நிக்குமே."

அவளைத் திட்ட முடியவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்தேன். பதிவைத் தொடர்ந்து ஓடவிட்டேன். கூவுகிற பருவம், தன் இடத்தில் இன்னொன்று கூவினால் அங்கே இருக்கிற செண்பகம் பதில் கொடுக்காமல் விடாது. போன் மறுபடி கூவியது. அவர்கள் காத்திருந்தார்கள், நாங்களும் காத்திருந்தோம். பிறகு காலடிகள் தூரப் போயின. மழை பிடித்துக்கொண்டது.

"கூப்பிட்டும் பாத்தாச்சு," என்றேன். "நீர் இல்லையெண்டு போடும்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, அந்தக் காட்டில் செண்பகம் இல்லை என்று நானே அடித்தேன்.