கன்னியம்மா அடக்காத குரல்

எனக்குப் பெருங்குரல். எங்கள் குப்பத்தில் எல்லோருக்குமே அப்படித்தான். அலைச் சத்தத்தில் பக்கத்துக் கட்டுமரத்துக்காரனுக்குக் கேட்க வேண்டுமே! அந்தக் குரல்தான் இரண்டு வேலைகளைக் கெடுத்தது. செங்கல்பட்டில் ஒரு கம்பெனியில் பெயர் கேட்டார்கள். சொன்னேன். மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஏம்ப்பா, சண்டைக்கா வந்திருக்கே?" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்பாவுக்குக் கண் மங்கி, கடலுக்குப் போவது நின்றிருந்தது. ஐ.டி.ஐ. படித்த நான்தான் மூத்தவன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், கடல்தண்ணீர் இழுக்கும் பம்ப் ஹவுஸ் வேலைக்கு இண்டர்வியூ கார்டு வந்தது. இதுவும் போனால் அம்மா மீன்கூடை சுமந்தே செத்துப்போவாள் என்று அழுதேன்.

ஆடி வெள்ளியன்று எங்கள் குப்பத்துத் தெய்வம் கன்னியம்மா முன்னால் கற்பூரம் ஏற்றினேன். "தாயே, அந்த ஒரு மணி நேரம் என் தொண்டையை அடக்கி வை!"

அம்மாவும் விடவில்லை. "அங்க போயி கத்தாதடா. கல்யாணப் பொண்ணு மாதிரி மெதுவா பேசு, இன்னா?"

அப்படியே பேசினேன். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த இன்ஜினியர் காதருகே கையை வைத்துக் குனிந்தார். பக்கத்திலிருந்தவர் என் பதில்களை அவருக்குத் திருப்பிச் சொன்னார். இரண்டு கேள்விக்குள் பெரியவர் சலித்துப்போய்ப் பேனாவை மூடிவிட்டார். போச்சு, இதுவும் போச்சு!

"கடலோரப் பையன்தானே? தண்ணி இழுக்கிற குழாயில என்ன வந்து அடைக்கும், தெரியுமா?" என்று கடைசியாகக் கேட்டார்.

கடல் என்றதும் வேண்டுதலெல்லாம் மறந்துவிட்டது. "சொறிமீன் சார்! கொழகொழன்னு கண்ணாடி மாதிரி கீதே, அது! கூட்டமா வந்துச்சின்னா வலையவே தூக்க முடியாது சார்!" என்று கத்திவிட்டேன்.

வாயைப் பொத்திக்கொண்டேன். பெரியவர் சிரித்தார். "காலையிலேர்ந்து நீ ஒருத்தன் பேசினதுதான்யா எனக்கு முழுசாக் கேட்டுது. மெஷின் சத்தத்துல காது போச்சு. சொல்லு, சொறி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அப்புறம் அது இண்டர்வியூவாகவே இல்லை. வலைக்கண், காற்று, நீரோட்டம் என்று அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேலை கிடைத்தது. எங்கள் குப்பத்திலிருந்து ஸ்டாஃப் பஸ் ஏறிய முதல் ஆள் நான்தான். மார்தட்டியே சொல்கிறேன்! பம்ப் ஓடும்போது என் குரல் ஒன்றுதான் எல்லோருக்கும் எட்டும். அம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

குரலைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். தாய் குறைக்கவில்லை. அந்தக் குரல் தேவைப்பட்ட மனிதரை என் எதிரே உட்காரவைத்தாள். நீங்கள் கேட்டபடி நடக்கவில்லையென்றால் மனம் உடையாதீர்கள், அவளிடம் விட்டுவிடுங்கள். ஆடியில் கூழ் வார்க்கும்போது எங்கள் கோயிலுக்கு வாருங்கள். "கன்னியம்மா!" என்று எழும் முதல் குரல் என்னுடையதுதான். அதை மட்டும் மெதுவாகச் சொல்லச் சொல்லாதீர்கள்.