மூக்கரும் முகப்பவுடரும்

அந்தப் பட்டறைக்காரரின் உண்மையான பெயர் அவர் மனைவிக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஊருக்கு அவர் மூக்கர். என்ஜின் மூடியைத் திறக்கும் முன்பே முகர்ந்து பார்த்து, டீசல் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக அந்த மூக்கை வைத்துத்தான் பிழைப்பு.

எட்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் மூக்கைக் கையோடு கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வெளியில மூச்சு விடாதே" என்றார். அவளும் விடவில்லை. அவர் வழக்கம்போல வண்டிகளை முகர்வதாகப் பாவனை செய்துவிட்டு, கண்ணாலும் விரலாலும் தேடி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பழைய லாரி வந்து நின்றது. அதன் ஓட்டுநர் ஆறு வருடமாக அவரிடமே வருகிறவன். முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு மாசமா நடைக்குப் பத்து லிட்டர் குறையுதுண்ணே. நான்தான் திருடி விக்கிறேன்னு முதலாளி சொல்றாரு. இன்னிக்குள்ள ஓட்டையைக் காட்டணுமாம். இல்லன்னா சாவியை வச்சிட்டுப் போன்னுட்டாரு."

மூக்கர் மூடியைத் திறந்தார். என்ஜின் பளபளத்தது.

"என்னப்பா இது, கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி குளிப்பாட்டி வச்சிருக்கே?"

"அழுக்கோட உங்க முன்னால நிறுத்தலாமாண்ணே?"

"கசிஞ்ச தடத்தையும் சேத்துக் கழுவிட்டியே, புண்ணியவானே!"

"உங்களுக்குத் தடம் எதுக்குண்ணே?"

அவர் குனிந்து மூச்சை இழுத்தார். வெறும் காற்று. "ஃபில்டர்தான்" என்று சொல்லி, அதன் ரப்பரை மாற்றி ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். வண்டி திரும்பி வந்தபோது ஃபில்டருக்கு அடியில் ஈரம். ஓட்டுநர் அவரையே பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கு வாசனையே தெரியலப்பா. எட்டு மாசமா."

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. பவுடர் டப்பாவைக் கேட்டுக் குரல் கொடுத்தார்.

"இந்த வயசுல யாருக்குங்க அலங்காரம்?" என்றபடி மனைவி கொண்டுவந்தாள்.

"என்ஜினுக்கு."

ஈரத்தைத் துடைத்துவிட்டு, என்ஜின் முழுக்கப் பவுடரைத் தூவினார். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தான். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. சூடு ஏறிய பிறகு, வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாயின் மூட்டில் அது ஆரம்பித்து, பின்பக்கமாக வழிந்து, ஃபில்டரில் வந்து சொட்டியது.

என்ஜினை அணைக்கச் சொல்லி மூட்டைக் கழற்றினார். கசியாமல் அடைக்கும் செப்பு வாஷர் இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன், புதுசு கைவசம் இல்லாமல், பழசையே திருப்பிப் போட்டவர் அவர்தான். எப்போதும் செய்கிற வேலைதான். போட்டுவிட்டு முகர்ந்து பார்ப்பார். வாடை வந்தால் மாற்றுவார். அன்றைக்கும் முகர்ந்தார். வாடை வரவில்லை, அனுப்பிவிட்டார்.

ஓட்டுநர் இன்னும் மேலே சீட்டில்தான் இருந்தான்; வாஷரைப் பார்க்கவில்லை. குழாய் இன்றைக்குத்தான் விரிசல் விட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு மாத டீசலுக்கு அவன் என்ன பதில் சொல்வான்?

அவரே முதலாளியைப் போனில் பிடித்து, கசிவைச் சொன்னார்.

"உங்க மூக்குக்குத் தெரியாமலா மூக்கரே?"

"மூக்கு போயிடுச்சுங்க. பழைய வாஷரைப் போட்டது நான். பையன் ஒரு சொட்டுக்கூட எடுக்கல."

முதலாளி போனை ஓட்டுநரிடம் கொடுக்கச் சொன்னார். அவன், "சரிங்க, சரிங்க" என்று கேட்டுவிட்டு, போனிலிருந்து பவுடர் ஒட்டிய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு லோடு ஏத்தச் சொல்றாருண்ணே." கொஞ்சம் தயங்கினான். "மத்த வண்டிங்களை இங்க அனுப்புறதப் பத்தி யோசிக்கணும்னாரு."

"யோசிக்கட்டும்" என்று மூக்கர் புது வாஷர் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். "நீ ஏறு. மறுபடி சூடாக்கிப் பாத்துடுவோம்."