கிலோவுக்கு எம்புட்டு குடுக்குது

எங்கள் ஊரில் புதுக் கார் வாங்கியவனிடம் யாரும் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஏறி உட்கார்ந்து பார்ப்பதும் இல்லை. கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாயிலிருக்கும் பாக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, ஒரே கேள்விதான்: எம்புட்டு குடுக்குது? கறவை மாட்டைக் கேட்பதுபோல. அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே இப்போது அங்கிருந்து நழுவிவிடுகிறேன். அதற்குப் பதில் சொல்வதில் சிவகாசியில் என்னை மிஞ்ச ஆளில்லாமல் ஒரு காலம் இருந்தது. அந்தக் காலம் ஒன்றும் தூரத்தில் இல்லை. போன வருஷம்தான்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கனவுப் பலன், சமையல் குறிப்பு, சிக்கனக் குறிப்பு என்று வருமே, அவற்றில் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் தேடுவதே பிழைப்பு. அந்த சீசனில் எரிபொருள் சேமிப்பு பற்றி ஒரு தொகுப்பு வந்தது. டயரில் காற்று குறையாமல் பாருங்கள். மிதியை மெல்ல அழுத்துங்கள். காரின் கூரையில் தேவையற்ற சுமை ஏற்றாதீர்கள். மூன்று முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

கார் வாங்கியது அக்காவுக்காக. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்தாள். ஒரு மத்தியானம் பக்கத்து அறையில் தீப்பற்றி வெடித்து, சுவர் இவள் மேல் விழுந்தது. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவளும் நானும்தான் வீடு. வீல்சேரில் உட்கார்ந்தால் அவளே சமைப்பாள், அவளே குளிப்பாள், தெருமுனைக் கடைக்குப் போய் வெங்காயத்தில் அழுகல் பொறுக்கிச் சண்டை போடுவாள். தன்னை யாரும் தூக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவள் சட்டம். ஆட்டோவில் ஏற்றுகிறவர்கள் லோடு ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். வீல்சேரைக் கார்க் கதவோடு ஒட்டி நிறுத்தினால் கையை ஊன்றித் தானே உள்ளே மாறிக்கொள்வாள். அதற்குத்தான் கார். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிற்கும்போது கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லியிருந்தேன்.

ஷோரூமில் நான் கேட்டதெல்லாம் மைலேஜ். லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு, கிலோ கேஸுக்கு எவ்வளவு, ஏசி போட்டால் எவ்வளவு குறையும். கேஸ் வண்டிதான் லாபம் என்றார்கள், எடுத்துவிட்டேன். டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லவே தோன்றவில்லை. வீட்டு வாசலில் அக்கா முன்னால் திறந்தேன். சினைப்பன்றி மாதிரி உள்ளே கேஸ் சிலிண்டர் படுத்திருந்தது. மடக்கிய வீல்சேரைக் குறுக்கே வைத்தேன், நெடுக்கே வைத்தேன். மூடி இறங்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அதுக்கு முன்னாடியே ஆள் இருக்குலே,” என்றாள்.

கூரையில் கேரியர் போட்டு அதில் வீல்சேரைக் கட்டினோம். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. எனக்குத்தான் நன்றாக இல்லை. காற்று மோதி மோதி, வண்டியின் திரையில் மைலேஜ் எண் இறங்கியது. அந்த எண்ணை நான் பார்த்த பார்வையை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. கிளம்பும்போது ஒரு தரம், பாலம் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது நியூட்ரலில் உருட்டிவிட்டு மறுபடி ஒரு தரம். ஏசி போடமாட்டேன். சித்திரை வெயிலில் அக்காவின் முகம் வேர்த்து வழியும், நான் ஜன்னல் காற்றுதான் உடம்புக்கு நல்லது என்பேன். ஒருநாள் காலண்டரில், நான் கையெழுத்துப் போட்ட அந்தக் கூரைச் சுமைக் குறிப்பே கிழிபட்டு வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“தேவையத்த சொமையா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அன்று சாயந்திரமே கேரியரைக் கழற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் விருதுநகரில் ஒரு கல்யாணம். அக்காவோடு கம்பெனியில் வேலை பார்த்தவளின் மகளுக்கு. பழைய ஆட்கள் எல்லாரும் வருவார்கள் என்று ஒரு மாதமாகச் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வீல்சேரைப் பின்சீட்டில் போட்டிருக்கலாம். ஆனால் பின்சீட்டை அச்சகத்து ஆட்கள் மூன்று பேருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதே கல்யாணம், கேஸ் காசில் பங்கு. மண்டபத்தில் நாற்காலிக்கா பஞ்சம் என்றேன். வீல்சேர் வீட்டிலேயே நின்றுவிட்டது. மண்டபத்து வாசலில் குனிந்து அவளைக் காரிலிருந்து தூக்கியபோது உடம்பைக் கட்டையாக விறைத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இறக்கிவிட்டேன். நாலு பெண்கள் கூடிக்கொண்டார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்துவிட்டேன். வெளியே, கார்கள் நின்ற இடத்தில், என் சனம். வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணாச்சிமார். எம்புட்டு குடுக்குது என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் சாவியைப் போட்டுத் திரையையே காட்டினேன். பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பாயசம்போலக் குடித்தேன். பாலத்து வித்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்கா. கிளம்பலாம் என்பாள் என்று துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன்.

உள்ளே போனபோது பந்தி முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். சுவர் ஓரம் அதே நாற்காலியில் அவள் மட்டும். தாம்பூலப் பையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். தூக்கக் கை கொடுத்தேன். என் கை நனைந்தது. ஒரு மாதமாகத் தேர்ந்தெடுத்த சேலை நனைந்திருந்தது. நாற்காலிக்குக் கீழே தரையில் யாரோ தண்ணீர் கொட்டியதுபோல.

“பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறோம்னு அவளுகளும் சொன்னாளுக,” என்றாள், என்னைப் பார்க்காமல். “நாந்தான் வேண்டாம்னுட்டேன். நீ வருவேன்னு இருந்தேன்.”

அச்சகத்து ஆட்களை பஸ்ஸில் வரச் சொன்னேன். வழியில் ஏசியைப் போட்டேன். அவளே கையை நீட்டி அணைத்தாள். ஜன்னலை இறக்கினாள். ஆமத்தூர் தாண்டினோம். பிறகு கேட்டாள்:

“இன்னைக்கு எம்புட்டு குடுத்துச்சு?”

அதுவரை அந்தத் திரை காட்டியதிலேயே ஆகப் பெரிய எண் அன்றைக்குத்தான் நின்றது. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். சொல்லும்போது என் குரலில் ஒரு இம்மி பெருமை இருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். சாக்கடைக்குள் கைவிட்டு எடுத்ததுபோல அந்தக் குரல் இன்னும் நாறுகிறது.

மறுநாள் கேரியரை மாட்டினேன். அக்கா வாசலில் வீல்சேரை நிறுத்தி, ஸ்பானர் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத மறுபடி கழட்ட எம்புட்டு நேரமாகும்?”

“நாலு போல்ட்டு. பத்து நிமிசம்.”

“அப்பொ வெல்டு வச்சிட்டு வா. பெறகு ஏறுதேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று வாரம் அந்த வண்டியைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட ஆட்டோதான். தூக்கி ஏற்ற ஆட்களைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பட்டறைக்காரர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

“கேஸ் வண்டியில பொறி விழுறதா? நல்லாக் கேட்டீக அண்ணாச்சி. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு.”

நியாயந்தான். வேறு வழி அவரே சொன்னார். போல்ட்டை முடிந்த மட்டும் முறுக்கி, ஸ்பானர் பிடிக்காதபடி தலையின் மூலைகளை ரம்பத்தால் அறுத்து உருட்டிவிடலாம். நான்கையும் நானே அறுத்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. அது பெரிய காரியம் இல்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கூரை அவளுக்கு எட்டாது. கதவு விளிம்பைப் பிடித்து எம்பி, கைக்கு எட்டிய ஒரு போல்ட்டை மட்டும் விரலால் தடவினாள். மொட்டையாக இருந்தது. மற்ற மூன்றும் இப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“ஆனைக்குட்டத்துல தண்ணி கெடக்காம்,” என்றாள். கையை ஊன்றி உள்ளே மாறிக்கொண்டாள். “வீல்சேர நல்லா இறுக்கிக் கட்டு.”

போகிற வழியெல்லாம் கூரையில் காற்று ஊளையிட்டது. அக்கா ஏசியைத் தானே போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். எனக்கு ஒன்றும் குறையில்லை, நிம்மதியாகத்தான் இருந்தேன். இருந்தும் முதல் மேட்டில் வண்டி ஏறியபோது, இந்தக் கண் இருக்கிறதே, இது தானாகப் போய் அந்த எண்ணைப் பார்த்தது. ச்சீ.