ஹெக்டர் சொன்ன ஏரி

என் தங்கச்சி புருஷன் ஹெக்டர் மெக்காஸ்கில் ஒரு ரோட்டு வேலைக்காரன். கவுன்சில் வேலை. எங்கள் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற ஒற்றை வழிச் சாலையில் எங்கே குழி விழுந்தாலும் அவனுக்குத்தான் முதலில் தெரியும். பனி கொட்டினால் ஊர் எழுந்திருக்கும் முன்னே மண்வெட்டியோடு நிற்பான். பேச்சு மட்டும் வராது. கல்யாணத்தன்று போதகர் கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினான். வாயால் சொல்லப்பா என்று அவர் இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது.

நல்லவன், அதில் சந்தேகமில்லை. சாலையில் ஒற்றைக் கையுறை கிடந்தால்கூட உரியவனைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஆனால் ட்ரவுட் மீன் விஷயத்தில் அவன் வாயில் உண்மையே வராது. இறகையும் நூலையும் வைத்துப் பொய் ஈ கட்டி மீனை ஏமாற்றுகிறவன், மனுஷனை விட்டுவைப்பானா?

எல்லோருமே அப்படித்தான் என்று வையுங்கள். எங்கள் ஊர்ப் பின்னால் மலையில் எத்தனை ஏரி இருக்கிறதென்று யாரும் எண்ணினதில்லை. எந்த ஏரிக்குப் போகிறாய் என்று கேட்பது மரியாதை இல்லை, கேட்டவனுக்கு நிஜத்தைச் சொல்வது புத்தி இல்லை. நான் பொதுவாக "சும்மா இப்படித்தான்" என்று நழுவிவிடுவேன். ஹெக்டர் அப்படி நழுவ மாட்டான். கிழக்கே என்று தெளிவாகச் சொல்வான், மேற்கே போவான். மேற்கே என்றால் கிழக்கே. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை தப்பினதில்லை. ஊரே அவன் சொல்வதைத் தலைகீழாகப் புரட்டித்தான் புரிந்துகொள்ளும். எதற்கு இவ்வளவு சிரமம் என்று எனக்கு எரிச்சலாக வரும். அவனைவிட நான் பெரிய மீன் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் வசந்தத்தில் ரோட்டோரம் மண்வெட்டியோடு சரிந்துவிட்டான். நெஞ்சு. இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, கை நிறைய மாத்திரையோடு திருப்பி அனுப்பினார்கள். மீன் பிடிக்கப் போகலாமா என்பது ஒன்றுதான் அவன் டாக்டரிடம் கேட்ட கேள்வி. போகலாம், ஆனால் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் தங்கச்சி டோலினா அன்றைக்கே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கு என்ன வேணா சொல்லிக்கோங்க. எங்கிட்ட நெசத்தைச் சொல்லிட்டுப் போகணும். சொல்லுவீங்களா மாட்டீங்களா?"

தலையை ஆட்டினான். வழக்கம்போலத்தான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. நான் தங்கச்சி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஹெக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூண்டில் கழியோடு வாசல்படியில் நின்றான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தீவு ஏரிக்கு" என்றான்.

தீவு ஏரி கிழக்கே இருக்கிறது, மான் ஏரி மேற்கே. நான் சும்மா இருக்காமல், "அப்போ மான் ஏரிதான். மாப்ளே, நெஞ்சு வலி வந்தும் திருந்தலையே நீ" என்றேன். டோலினா சிரித்துவிட்டாள். நான் பக்கத்தில் இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவளும் நினைத்துவிட்டாள். அவன் ஏதோ சொல்ல வந்தவன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டுப் புகைபோக்கிகூடத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஹெக்டர் வரவில்லை. டோலினா உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள், திரும்ப ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். அப்புறம் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, மாத்திரை ஒரு வேளைக்குத்தான் எடுத்துட்டுப் போயிருக்காரு."

போலீஸ்காரரையும், மான் மலையைப் பார்த்துக்கொள்கிற எஸ்டேட் காவலாளையும், இன்னும் கையில் கிடைத்தவர்களையும் கூட்டிக்கொண்டு மேற்கே மான் ஏரிக்குப் போனோம். வேறு எங்கே போவது? கிழக்கே என்று சொன்னானே. கரையைச் சுற்றிச் சுற்றிக் கத்தினோம். பதிலுக்கு ஒரு பறவைகூடக் கத்தவில்லை. காலடியில் இருப்பது சதுப்பா பாறையா என்று தெரியாத நிலை வந்ததும் காவலாள், இனிமேல் போனால் நம்மைத் தேட இன்னொரு கூட்டம் வரணும் என்று சொல்லித் திருப்பிவிட்டார். வழியெல்லாம் ஹெக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள்தான். துணிகூடக் கொடியில் காயாது. இருந்தாலும் காலையில் போதகரே கம்பளிச் சட்டையும் பெரிய பூட்ஸுமாக டோலினா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"குழியில விழுந்த மாட்டை ஓய்வுநாள்ல தூக்கலாம்னு வேதத்துலயே இருக்கு. வாங்கப்பா, போகலாம்."

"மாடு தேவலை ஐயா" என்றாள் டோலினா. "அது இருக்கிற எடத்துல இருந்து கத்தவாவது செய்யும்."

சொல்லிவிட்டு ஏப்ரனில் மூக்கைச் சிந்தினாள். ராத்திரி முழுக்க அவள் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழவில்லை என்பது மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுபடியும் மான் ஏரிக்குத்தான் கிளம்பினோம். கயிறு எடுக்க ஹெக்டரின் கொட்டகைக்குள் போனேன். கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. அதில் எப்போதும், படகு விளிம்பில் துடுப்பை மாட்டுகிற இரும்புக் கொக்கி இரண்டு தொங்கும். எங்கள் மீன்பிடிச் சங்கத்துக்கு மலையில் ஒரே ஒரு படகுதான் உண்டு. படகும் துடுப்பும் ஏரிக்கரையிலேயே கிடக்கும். கண்டவனும் எடுத்துக்கொண்டு போகக் கூடாதென்று கொக்கியை மட்டும் ஆளாளுக்கு வீட்டில் வைத்திருப்போம். ஆணியைப் பார்த்தேன். வெறும் ஆணி.

அந்தப் படகு கிடப்பது தீவு ஏரியில்.

அடப்பாவி, நிஜத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறானே. வாழ்நாளில் முதல் தடவையாக நிஜத்தைச் சொல்லியிருக்கிறான், அதை நம்ப ஒரு நாதி இல்லை. வெளியே வந்து சொன்னேன். டோலினா சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கிழக்கே நடக்க ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

தீவு ஏரிக்கு நல்ல தூரம். வழியெல்லாம் சதுப்பும் ஹெதர் புதரும். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. கடைசி மேட்டில் ஏறினதும் ஏரி தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கரையை ஒட்டி, நாணலில் இடித்துக்கொண்டு படகு தனியாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

ஹெக்டருக்கு நீச்சல் தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. டோலினா அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். போதகர் தொப்பியைக் கழற்றினார். கழற்றாதீங்க ஐயா என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அப்போது நடு ஏரித் தீவிலிருந்து யாரோ இருமினார்கள்.

தீவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பாறை, காற்றில் சாய்ந்த ஒரு மரம், அவ்வளவுதான். வலது பக்கப் பாறையடியில் ஒரு பழுப்புச் சட்டை எழுந்து நின்றது. கையை ஆட்டக்கூட இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றான்.

நானும் டோலினாவும் படகில் ஏறினோம். துடுப்பு உள்ளேயே கிடந்தது, கொக்கி இல்லை. இறங்கினதும் கொக்கியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது அவன் பழக்கம். அந்தத் தீவில் எவன் வந்து படகைத் திருடப் போகிறான், நீங்களே சொல்லுங்கள். என் கொக்கியை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவந்த நான் ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, படகு பாதி நேரம் ஒரே இடத்தில் சுற்ற, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

"இவ்வளவு நேரமா?" என்றான் ஹெக்டர். "எங்க போறேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்."

டோலினா அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அது எந்த நெஞ்சு என்று உடனே ஞாபகம் வந்து, அடித்த இடத்தையே தடவிக் கொடுத்துக்கொண்டு அழுதாள்.

"நான் செத்துப் பொழைச்சேன். மாத்திரை போட்டீங்களா?"

"பாதியா ஒடைச்சு, நேத்திக்குப் பாதி, இன்னைக்குப் பாதி."

நடந்தது இவ்வளவுதான். சாப்பிட அந்தத் தீவில் இறங்கியிருக்கிறான். பனி வந்துவிட்டது. படகைச் சரியாக மேலே இழுத்து வைக்கவில்லை, அது தன்பாட்டுக்குப் போய்விட்டது. ரொட்டியும் சீஸும் சனிக்கிழமையே தீர்ந்துவிட்டன. தீப்பெட்டி நனைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கொசுக்கள் கடித்து மூஞ்சி முழுக்கத் தடிப்பு. மற்றபடி ஆள் முழுசாக இருந்தான்.

தூண்டில் கழியைப் பார்த்தேன். துண்டு துண்டாகக் கழற்றித் துணிப்பைக்குள் கட்டி வைத்திருந்தான்.

"இது எதுக்குக் கழட்டினே?"

"ராத்திரி பன்னெண்டு அடிச்சிருச்சு. ஞாயித்துக்கெழமை."

"மீன் வரலையா?"

"காலையில இருந்து காலடியிலயே துள்ளுது. இத்தனாம்பெருசு." முழங்கை வரை காட்டினான். "ஒரு ஆளு நாள்பூரா சாப்பிடலாம்."

"பட்டினியா உக்காந்து வேடிக்கை பாத்தியா? ஒரு வீச்சு வீசக் கூடாதா? கர்த்தர் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாராக்கும்?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

டோலினா குடுவையிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். அவளிடம் தணிந்த குரலில், "நெசத்தைத்தான் சொன்னேன்" என்றான் மறுபடியும். எனக்குக் காதில் விழக் கூடாதென்று சொன்னது, விழுந்துவிட்டது.

"தெரியுதுங்க" என்றாள் அவள். "இனிமே நம்புறேன்."

ஆள் ரொம்ப வெளுத்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. படகில் ஏறி உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். இவன் கரை சேர்வானா, மேடு ஏறுவானா என்று எனக்குள் ஒரு உதறல். கொக்கியை வாங்கி மாட்டி, இரண்டு துடுப்பும் போட்டு வலித்துக்கொண்டே, சும்மா பேச்சுக் கொடுப்போமே என்று கேட்டேன்.

"அந்தப் பெரிய மீன் எந்தப் பக்கம் மாப்ளே துள்ளிச்சு?"

தீவின் வலது பக்கப் பாறையடியில்தான் புல் நசுங்கிக் கிடந்தது. ராத்திரியும் காலையும் அவன் உட்கார்ந்திருந்த இடம் அது, நானே பார்த்தேன். ஹெக்டர் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். மெல்லக் கையை நீட்டி இடது பக்கத்தைக் காட்டினான்.

"அங்க, மச்சான். அந்தக் கறுப்புப் பாறைக்குப் பின்னால."

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தேன்.

"அழாதே டோலினா. உன் புருஷனுக்கு ஒண்ணும் ஆகலை."

"எப்படிண்ணே சொல்றே?"

"பொய் சொல்றான்."